துளசிமணியின் டோக்கன்

கம்பெனி பஸ் நம்பியூரில் கிளம்பினால் குன்னத்தூர் வந்து சேர இருபது நிமிஷம். ஒரு நாளில் துளசிமணிக்கென்று சொந்தமாக வாய்ப்பது அந்த இருபது நிமிஷம்தான். இடது பக்கம் நாலாவது சீட்டு, ஜன்னலோரம், பக்கத்தில் ஆளில்லை, சோற்றுப் பை மட்டும் உட்கார்ந்திருக்கும். குன்னத்தூரில் பரிமளம் ஏறுவாள். அந்தப் பையைத் தூக்கித் துளசிமணியின் மடியில் போடுவாள், மேலாகத் தன் பையையும் வைப்பாள், 'நகருங்கக்கோவ்' என்பாள், அப்புறம் கம்பெனி கேட் வருகிற வரைக்கும் வாய் மூடாது. ஆறு வருஷமாக இதேதான். இவளுக்கு ஏதாவது வந்து தொலையாதா, காய்ச்சல் கீய்ச்சல் என்று ஒரு நாளாவது லீவு போடமாட்டாளா என்று எத்தனையோ காலையில் துளசிமணி நினைத்திருக்கிறாள். யார்தான் நினைப்பதில்லை, பக்கத்துச் சீட்டுக்காரியைப் பற்றி எல்லாரும் நினைப்பதுதான். ஆனால் இன்றைக்கு அந்த நினைப்பைப் பாதியிலேயே வெட்டிக்கொண்டாள். வந்து தொலைந்துவிட்டது. வந்திருக்கலாம் என்று போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். பரிமளத்துக்குச் சொல்லவில்லை, துளசிமணிக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது சனிக்கிழமை, இன்றைக்குப் புதன்.

சனிக்கிழமை சாயங்காலம் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. 'துளசிமணிங்களாக்கா? உங்க கம்பெனியில மார்பகப் பரிசோதனை கேம்ப் போட்டோமுங்கல்ல, அங்கிருந்து பேசறேனுங்க' என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். பயப்பட ஒண்ணுமில்லீங்க என்று அது ஆரம்பித்ததுமே துளசிமணி மடிப்பதை நிறுத்திவிட்டாள், பயப்பட ஒன்றும் இல்லாதவர்களுக்கு யார் வேலை மெனக்கெட்டுப் போன் போட்டு அப்படிச் சொல்கிறார்கள். இடது பக்கத்தில் ஒரு நிழல் மாதிரி தெரிகிறதாம். நிறையப் பேருக்கு அது சாதாரணக் கட்டியாக இருந்துவிடுமாம், ஆனாலும் ஊசி வைத்துத் துளி எடுத்துப் பார்த்துவிட வேண்டுமாம், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருப்பூருக்கு வந்துவிட வேண்டுமாம். 'சின்னதா இருக்கறப்பவே பாத்துட்டா சரி பண்ணிர்லாங்க்கா, தள்ளிப் போடாதீங்க, தொணைக்கு ஆராச்சியும் கூட்டிட்டு வாங்க.' துளசிமணியின் கை தானாகப் போய் இடது மாரைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. அதற்குள் அவள் செத்து, பாடை கட்டி, புருஷன் வேறு ஒருத்தியைக் கட்டி, அவள் வந்து இந்த அலமாரியைத் திறந்து இந்தச் சேலைகளை உதறிப் பார்த்து, எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. தான் அந்த வேனுக்குள் போகவே இல்லையே. டோக்கன்தான் தன்னுடையது, போனது பரிமளம். நிழல் பரிமளத்துடையது. துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள், அப்பாடா என்றுகூட வாய்விட்டுச் சொன்னாள். அதுவரைக்கும் பரவாயில்லை, எந்த மனுஷிக்கும் அப்படித்தான் இருக்கும். அதற்கு அடுத்தாற்போல் ஒன்று வந்தது. சிரிப்பு. பல்லைக் காட்டிச் சிரிக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை, ஆனால் வந்தது. வேணும் அவளுக்கு என்று வந்தது. நாலு நாளாக அதைத் துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

எல்லாம் அந்த வேனால் வந்த வினை. ரோஸ் கலரில் பெயிண்ட் அடித்து, பக்கவாட்டில் ஒரு பொம்பளை தலையைச் சாய்த்துக்கொண்டு சிரிக்கிற படம் போட்டு, சகோதரிகளே வாருங்கள், தயங்காதீர்கள் என்று எழுதி, கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் மூன்று நாள் நின்றது. எந்த ஊர்ச் சகோதரி? அதைப் பார்த்தாலே துளசிமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நோய்க்காரி எவளாவது அப்படிச் சிரிப்பாளா? நாற்பது வயசு முடிந்தவர்கள் எல்லாரும் கட்டாயம் போய்வர வேண்டும், கார்டைப் பார்த்து டோக்கன் கொடுப்பார்கள், ஒரு மணி நேரம் மெஷினை விட்டு எழுந்து வரலாம், வெளியே வந்தால் ஒரு மாம்பழ ஜூஸ் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். முதல் நாள் கேன்டீனில் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு டாக்டரம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள். கம்பெனியில் தைப்பது பெண்கள் ரவிக்கைக்குள் போடுகிற பாடி. கப்புக்குள்ளே வைக்கிற பஞ்சில் முடிச்சு, கட்டி, பொத்தல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் கழிக்கிறவர்கள் செக்கிங் டேபிள்காரர்கள், துளசிமணி அதில்தான் இருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள், கட்டைவிரல் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், குருணை அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தாலும் விரல் நின்றுவிடும், உடனே சிவப்பு ஸ்டிக்கர். இது டாக்டரம்மாவுக்கு எவளோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள். 'எவளோ ஒருத்தி போட்டுக்கப் போற துணியை இத்தனை அக்கறையாத் தடவிப் பாக்கறீங்களே, உங்க உடம்பை என்னிக்காவது தடவிப் பாத்திருக்கீங்களா?' என்று கேட்டாள். பெண்கள் எல்லாம் தலையைக் குனிந்து கெக்கெக்கே என்று சிரித்தார்கள். துளசிமணி சிரிக்கவில்லை. என்ன துணிச்சல் இவளுக்கு என்றிருந்தது. சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. முப்பது வருஷமாக அவள் குளிக்கும்போது அந்த இடத்தில் கை வைத்துத் தேய்த்ததில்லை, தண்ணீரை மொண்டு ஊற்றுவாள், அதுவே வழிந்து போகும். பிள்ளை பெற்றுப் பால் கொடுத்தபோதுகூடக் கண்ணைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டுதான் கொடுத்தாள்.

அது சின்னம்மாவால். சின்னம்மாவை நினைக்கக் கூடாது என்று எத்தனை தடவை முடிவு செய்தாலும் பஸ் கோயில் மேட்டைத் தாண்டும்போது அந்த மஞ்சள் வாசனை வந்துவிடும். துளசிமணிக்கு அப்போது பதினாலு வயசு. சின்னம்மா வீட்டில் தங்கித்தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் சின்னம்மா கதவைச் சாத்திவிட்டு, 'இங்க வா சாமி, இந்தத் துணியைக் கொஞ்சம் பின்னால இழுத்துக் கட்டிவுடு, எனக்குக் கை தூக்க முடியல' என்றாள். ரவிக்கைக்குள்ளே மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டிருந்தாள். பத்து விலகின இடத்தில் துளசிமணி பார்த்துவிட்டாள். என்ன பார்த்தாள் என்பதை இன்றுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. சின்னம்மா அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு, 'ஆருகிட்டயும் சொல்லக் கூடாது. உங்க சித்தப்பனுக்குத் தெரிஞ்சா அருவருப்புப்படுவாரு. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு' என்றாள். பண்ணினாள். அஞ்சு மாசம் தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் துணியை இழுத்துக் கட்டிவிட்டாள். அஞ்சு மாசமும் ஒரு வார்த்தை விடவில்லை. கடைசியில் வாசனை வாசலுக்கு வந்தபோது எல்லாருக்கும் தெரிந்தது, தூக்கிக்கொண்டு ஓடினார்கள், இத்தனை நாளாக என்னம்மா பண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சத்தம் போட்டார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், 'ஒருத்தருக்குக்கூடத் தெரியலையே, ஒரு வார்த்தை ஆராச்சியும் சொல்லியிருந்தா' என்று அழுதாள். துளசிமணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒருத்தருக்குத் தெரிந்திருந்தது என்பது இன்றைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.

அப்படிப்பட்டவளை வேனுக்குள் போய் ரவிக்கையைக் கழற்று என்றால்? டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேன்டீன் வாசலில் மூன்று முறை போவதும் வருவதுமாக இருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, அதைப் பரிமளம் பார்த்துவிட்டாள். அவள் எதைத்தான் பார்க்கமாட்டாள். பரிமளத்துக்கு டோக்கன் கிடையாது. நிஜத்தில் அவளுக்கு நாற்பத்தைந்து, துளசிமணியைவிட இரண்டு வயசு மூத்தவள், ஆனால் வேலைக்குச் சேரும்போது எட்டு வயசைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அமுக்கிவிட்டாள், வயசு கூடினவர்களை எடுக்கமாட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அதனால் கார்டில் முப்பத்தேழு. அதனால்தான் அந்த அக்கோவ். மூத்தவள் தன்னை அக்கா என்று கூப்பிடுவதை ஆறு வருஷம் காதால் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவளுக்குத்தான் தெரியும். 'இதுக்காக்கா அழுகறீங்க? குடுங்க இப்பிடி. ஏசியில நின்னு ஒரு ஜூஸையும் குடிச்சுட்டு வர்றேன்' என்று டோக்கனைப் பிடுங்கினாள். தலையில் குல்லா, மூக்கு வரைக்கும் மாஸ்க், கழுத்தில் துளசிமணியின் கார்டு. கார்டில் இருக்கிற போட்டோ ஆறு வருஷத்தில் வெளுத்துப்போய் யாருடைய முகமாகவும் இருக்கலாம். துளசிமணி என்று கூப்பிட்டார்கள், ஆங் என்று போனாள். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள், கையில் ஜூஸோடு.

வந்தவள் சும்மா இருந்தாளா? அன்றைக்குச் சாயங்காலமே பஸ்ஸில் ஆரம்பித்துவிட்டாள். 'தட்டு மேல வெச்சு இந்தா இப்பிடி அமுக்குதுங்கறேன், சப்பாத்தி போட்டுருவானோன்னு நெனச்சேன். வலியா? கொசு கடிக்கிறாப்பல. இதுக்கா நம்ம துளசியக்கா மூக்கச் சிந்துனாங்க! அக்கா மாரைப் பத்திரமாத் தூக்கிட்டுப் போய்க் காட்டிட்டுப் பத்திரமாக் கொண்டாந்துட்டேன், எண்ணிப் பாத்துக்கங்கக்கா.' பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. டிரைவர் வரைக்கும் சிரித்தான், கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தான். துளசிமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள், காதோரம் சூடாகிக் கொதித்தது. செய்த உதவியை எல்லாம் ஊர் கேட்கச் சொல்லிச் சொல்லியே தீர்த்துவிடுகிற ஜாதி அவள். முதல் வருஷம் பாத்ரூமில் அழுத துளசிமணியைத் தேற்றினதையும் அப்படித்தான் சொன்னாள். தினமும் துளசிமணியின் டிபன் டப்பாவைக் கேட்காமல் திறந்து ஒரு கரண்டி பொரியலை எடுத்துக்கொண்டு, உப்புக் கம்மி என்பாள். வெறுக்கக் காரணம் தேட வேண்டியதே இல்லை. நான் வெறுக்கிறேன், அதில் என்ன தப்பு என்று துளசிமணி இந்த நாலு நாளில் நூறு தடவை தனக்குள் கேட்டாயிற்று. வெறுத்தால் வெறுத்துவிட்டுப் போ, போன் வந்ததைச் சொல்வதற்கும் வெறுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்னொன்று உள்ளேயிருந்து கேட்கும். உடனே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள், பொரியலிலிருந்து.

குன்னத்தூர் வந்துவிட்டது. பரிமளம் மல்லிகைப் பூவை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டு ஏறினாள். பை தூக்கப்பட்டது, மடியில் விழுந்தது, மேலே இன்னொரு பை. 'நகருங்கக்கோவ். ஜன்னலுக்கு வெளிய போற அளவுக்கு ஒடுங்கறீங்க, நான் என்ன கடிச்சா வெக்கப் போறேன்?' ஆமாம், திங்கட்கிழமையிலிருந்து துளசிமணி ஒடுங்கித்தான் உட்கார்கிறாள். பரிமளத்தின் இடது பக்கம்தான் இவள் பக்கம். வண்டி வலது கைப் பக்கம் வளைகிற ஒவ்வொரு முறையும் பரிமளம் அப்படியே இவள் தோள்மேல் சாய்ந்துவிடுவாள். கம்பியைப் பிடிக்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது கம்பி எதற்கு என்பாள். ஆறு வருஷமாக அந்தச் சாய்ச்சலை உடம்பு கனத்த மாட்டைச் சகிப்பது மாதிரி சகித்திருக்கிறாள். இப்போது அது மெத்தென்று தோளில் படும்போது சகிக்க முடியவில்லை. எந்த இடத்தில்? படுகிற இடத்திலேயா, இன்னும் உள்ளேயா? கப்பைத் தடவுகிற விரலுக்குத் தெரியும், தோளுக்குத் தெரியாது. இந்தச் சேலைக்கும் ரவிக்கைக்கும் கீழே, தன் தோளிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் அது உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அதன் சொந்தக்காரிக்குத் தெரியாது, தோளுக்குச் சொந்தக்காரிக்குத் தெரியும். மறுபடியும் தன் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

'ரிப்போர்ட்டு வந்துச்சாக்கா?' திங்கட்கிழமை கேட்டாள், செவ்வாய்க்கிழமை கேட்டாள், இதோ இன்றைக்கும் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்கிறாள். விளையாட்டுக்குத்தான் கேட்கிறாள், கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்கமாட்டாள். 'வரல' என்றாள் துளசிமணி. மூன்றாவது வரல. முதல் வரலையைச் சொல்வதற்குத்தான் கஷ்டமாக இருந்தது, அப்புறம் அதுவே வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. சொன்னால் என்ன ஆகும்? கார்டு மாற்றி அட்டென்டென்ஸ் பஞ்ச் வைத்ததற்காகப் போன வருஷம் இரண்டு பேரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதுவும் கார்டு மாற்றினதுதானே. பரிமளத்தின் வயசும் வெளியே வந்துவிடும், இரண்டு பேருக்கும் வேலை போகும். மகன் காலேஜில் இரண்டாம் வருஷம். சரி, அதனால்தான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், கேட்பவர்களுக்கு நியாயமாகக்கூட இருக்கும். ஆனால் அதனால் அல்ல. சொன்னால், அப்படியானால் நீ போகவே இல்லையா, வா என்று தன்னைக் கூப்பிடுவார்கள். கழற்று என்பார்கள். தட்டின்மேல் வை என்பார்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் அதே சின்னப்பெண் போன் போடும், அப்போது அதை வேறு யார் பேருக்கும் தள்ளிவிட முடியாது. அதனாலா? அதனாலும்தான். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சிரிப்பு கிடக்கிறது. இந்த வாய், இந்த மல்லிகைப்பூ, இந்த அக்கோவ், கொஞ்சம் அடங்கட்டுமே என்று அது சொல்கிறது. நாளை வியாழன். ஒன்பது மணி தாண்டிவிட்டால் என்ன, இன்னொரு வியாழக்கிழமை வராமலா போகும். சின்னம்மாவும் அப்படித்தான் சொன்னாள், 'அறுப்பு முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்.' அறுப்பு முடிந்தது. பொங்கல் முடிந்தது. இழுத்துக் கட்டு சாமி, இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டு.

வண்டி பெருமாநல்லூர் ரோட்டில் வளைந்தது. பரிமளம் தோளில் வந்து விழுந்தாள். துளசிமணி தன்னையறியாமல் முழங்கையால் தள்ளிவிட்டாள், நன்றாகவே தள்ளிவிட்டாள். 'அம்மாடி!' என்றாள் பரிமளம். ஒரு கணம் முகம் சுருங்கிற்று. அப்புறம் சட்டென்று அதையும் வேடிக்கை ஆக்கிவிட்டாள், சீட்டில் முட்டி போட்டுப் பின்பக்கம் திரும்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, 'கேட்டீங்களா இந்த அநியாயத்த! அக்காவுக்காக அந்த மெஷின்ல போயி நசுங்கிட்டு வந்தவள இடிக்கறாங்க. ரிப்போர்ட்டு வந்துச்சான்னு கேட்டா மூஞ்சியத் திருப்பறாங்க. எனக்கென்னமோ சந்தேகமா இருக்குது, என்ற மாரு பெயிலாயிருச்சு, அக்கா வெக்கப்பட்டுட்டு மறைக்கறாங்க. சொல்லுங்கக்கா, பாஸா பெயிலா? சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்களா?' என்றாள். பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். அந்தச் சிரிப்பில்தான் துளசிமணிக்குள் ஏதோ அறுந்தது. துளசிமணி அதை நல்ல மனசோடு சொன்னாள் என்று யாரும் பின்னால் சொல்ல முடியாது. கன்னத்தில் அறைகிற மாதிரிதான் சொன்னாள்.

'பெயிலுதான்டி.'

'என்னது?'

'உன்ற மாருதான். பெயிலு. எடது பக்கம் என்னமோ தெரியுதாம், ஊசி வெச்சு எடுத்துப் பாக்கோணுமாம். போன் வந்துச்சு. சிரி இப்ப. சிரிங்கடி எல்லாரும், ஏன் நிறுத்திட்டீங்க?'

பரிமளம் முட்டி போட்டபடியே இருந்தாள். வாயில் அந்தப் பழைய சிரிப்பு போகத் தெரியாமல் நின்றது. 'வெளையாடாதீங்கக்கா' என்றாள். துளசிமணியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மெள்ள இறங்கிச் சீட்டில் நேராக உட்கார்ந்தாள், சேலைத் தலைப்பை எடுத்து இடது பக்கத்தை மூடிக்கொண்டாள், மூடித்தான் இருந்தது, மறுபடியும் மூடிக்கொண்டாள். துளசிமணிக்குக் கோபம் வடிந்துவிட்டது, இருந்த ஒரே துணையும் இறங்கிப் போய்விட்ட மாதிரி இருந்தது. வேணும் அவளுக்கு என்று சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நாற்பத்தைந்து வயசு முழுசாகத் தெரிகிற ஒருத்தி, காதோரம் மை வெளுத்து நரை தெரிந்தது. இத்தனை நாள் அது எங்கே இருந்தது?

'எப்ப வந்துச்சு போனு?'

'சனிக்கெழம.'

பரிமளம் மடியில் கையை வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கினாள். திங்கள், செவ்வாய், புதன் என்று அவள் உதடு அசைந்ததைத் துளசிமணி பார்த்தாள். நாலு தடவையாவது அப்படி மடக்கிப் பார்த்திருப்பாள், கணக்கு தப்பாகிவிடாதா என்று பார்க்கிற மாதிரி.

'நான் தெனமும் கேட்டனே' என்றாள்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் துளசிமணிக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும், நீ மட்டும் யோக்கியமா என்று ஆறு வருஷத்தையும் எடுத்துப் போட்டிருப்பாள். நான் தினமும் கேட்டேனே. சின்னம்மாவுக்கு யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் முப்பது வருஷமாகத் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்திருக்கிறாள் துளசிமணி. சின்னப்பெண், சத்தியம் வாங்கிக்கொண்டார்கள், யாரும் கேட்கவில்லை, நான் என்ன செய்ய. இவள் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று நாள் கேட்டாள், சத்தியம் ஒன்றும் வாங்கவில்லை, வயசும் பதினாலு இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சின்னம்மாவைப் பற்றி, மஞ்சள் பத்தைப் பற்றி, தூணைப் பற்றி, எல்லாவற்றையும் இந்தப் பஸ்ஸிலேயே இவளிடமே கொட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தாள். 'நெறையப் பேருக்கு ஒண்ணுமிருக்காதாம், வெறுங்கட்டியாப் போயிருமாம், அந்தப் புள்ள சொல்லுச்சு. சின்னதா இருக்கறப்பவே பாத்துட்டா சரி பண்ணிர்லாமாம்' என்றுதான் வந்தது. அந்தச் சின்னப்பெண்ணின் வார்த்தைகள். அதே பாகுக் குரலில் தானே சொல்வதைக் கேட்டுத் துளசிமணிக்குத் தன்மேலேயே குமட்டியது.

'எப்ப வரச் சொன்னாங்க?'

'நாளைக்கு. ஒம்பது மணி.'

'உங்க பேர்லயா?'

'ஆமா.'

பரிமளம் கழுத்திலிருந்த கார்டைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கழற்றி, கயிற்றைச் சுற்றி, பைக்குள் வைத்தாள். அந்தப் பை துளசிமணியின் மடியில் இருந்தது, அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 'தொரத்துனாத் தொரத்தட்டும். நாஞ்சொல்லீர்றேன், எனக்கு நாப்பத்தஞ்சு, போனதும் நாந்தான்னு' என்றாள், முன்சீட்டைப் பார்த்துக்கொண்டே. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு, 'நீயும் வரோணும் துளசி' என்றாள்.

அந்த 'அக்கா' போய்விட்டது. துளசிமணிக்கு அது உடனே காதில் பட்டது. ஆறு வருஷமாகக் காதில் ஏறின முள், இப்போது இல்லை. இல்லாதது வலித்தது. 'தொணைக்கா?' என்று கேட்டாள்.

'தொணையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், என்ற மக வருவா. உன்னுத இன்னும் ஒருத்தரும் பாக்கலயில்ல, அதுக்கு வரோணும். என்னுதக் காட்டித்தான் உனக்கு நல்லாருக்குதா இல்லையான்னு பாத்துட்டு இருந்தோம். அது என்னுது. உன்னுதுல என்ன இருக்குதுன்னு உனக்குந் தெரியாது, எனக்குந் தெரியாது.' ஒரு தடவை கனைத்துக்கொண்டாள். 'வல்லீன்னா வெச்சுக்க, கேன்டீன்ல வெச்சு உன்ற மானத்த வாங்கிருவேன்.'

அதைச் சொல்லும்போது மட்டும் பழைய பரிமளம் கொஞ்சம் தெரிந்தாள். துளசிமணியின் கை மடியில் சும்மா கிடந்தது. நாளைக்கு இந்நேரம் இந்தக் கையாலேயே கொக்கியைக் கழற்ற வேண்டும். பயம் நாலு நாளாக வேறு யாருடைய உடம்பிலோ உட்கார்ந்திருந்துவிட்டு, இப்போது முகவரி தெரிந்து வீட்டுக்கு வந்துவிட்டது. கட்டைவிரல் உள்ளங்கையில் தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கேட்டுக்கு முன்னால் வண்டி வலது பக்கம் வளைய வேண்டும், ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற பெரிய வளைவு, தினமும் அந்த இடத்தில்தான் பரிமளம் முழுப் பாரத்தோடு வந்து விழுவாள். டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தான். துளசிமணி இந்தத் தடவை ஒடுங்கவில்லை. தோளை விறைப்பாக வைத்துக்கொண்டு, வரட்டும் என்று காத்திருந்தாள்.

பரிமளம் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி வளைந்து, நிமிர்ந்து, கேட்டுக்குள் போய் நிற்கிறவரைக்கும் அவள் சாயவே இல்லை.